உலகம் சுற்றும் டிக்கெட்டில் கோட்ஷேர் விமானங்களைப் பதிவு செய்வது: முழுமையான வழிகாட்டி

ஆம்னி பஸ்ஸில் ஒரு டிராவல்ஸ் பேரில் சீட்டுப் போட்டிருப்போம். ராத்திரி ராமநாதபுரத்தில் வந்து நிற்பது வேறொரு டிராவல்ஸ் வண்டி. விமானத்தில் இதற்குப் பெயர் கோட்ஷேர். டிக்கெட்டில் இருக்கும் எண் ஒரு நிறுவனத்துடையது, விமானத்தை ஓட்டுவது இன்னொன்று. எண்ணுக்கு உரிய நிறுவனத்தை விற்பவர் என்றும், விமானத்தை இயக்கும் நிறுவனத்தை ஓட்டுபவர் என்றும் இங்கே சொல்கிறேன்.

துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ போய்வரும் சாதாரண டிக்கெட்டில் இது பெரிய சங்கதி இல்லை. உலகம் சுற்றும் டிக்கெட்டில் அப்படி விட முடியாது. சில விமான நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி ஒன்று, பதினாறு வரி வரை (ஒரு வரி என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரு பயணம்) ஒரே விலையில் கட்டித் தரும் டிக்கெட் அது. அதில் ஒரு வரியை ஓட்டுபவர் கூட்டணிக்கு வெளியே இருந்தால் முழு டிக்கெட்டுக்கும் கணினியில் விலை கிடைக்காது. விலை கிடைத்து டிக்கெட் அடித்த பிறகும் சிக்கல் வரலாம்.

கீழக்கரை, தொண்டி, மண்டபம், ராமேஸ்வரம் பக்கமிருந்து மதுரை, திருச்சி, சென்னை வழியாகக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. நீங்களே இணையத்தில் போட்டாலும், ஊர் ஏஜென்டிடம் கொடுத்தாலும் வரிசை ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பக்கம் பலருக்கு ஒரே பெயர்தான். குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். விமானப் பதிவில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்கள் கட்டாயம். அந்தக் காலி இடத்தை ஒரு நிறுவனம் ஒரு மாதிரி நிரப்பும், அடுத்தது வேறு மாதிரி நிரப்பும். கோட்ஷேரில் உங்கள் பெயர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. இரண்டிலும் ஒரே எழுத்தாக இல்லாவிட்டால் செக்-இன் நின்றுவிடும். பாஸ்போர்ட்டையே திருத்திப் பெயரை இரண்டாகப் பிரித்துக்கொள்வதானால் டிக்கெட்டுக்கு முன்பே மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். டிக்கெட்டுக்குப் பின் பெயர் திருத்தம் என்றால், அதில் வரும் ஒவ்வொரு நிறுவனத்தின் பதிவிலும் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். லண்டனில் அமெரிக்க விசா போன்ற சில விசாக்கள் கையில் இருந்தால் விமானம் மாறுவதற்கான விசாவில் விலக்கு உண்டு. எந்த ஊரில் இறங்கி ஏறுகிறீர்கள் என்பதைக் கோட்ஷேர் மாற்றிவிடக்கூடும். ஆகவே விசா பட்டியலையும் தடத்தையும் ஒரே தாளில் அருகருகே எழுதி வையுங்கள்.

மூன்றாவது, கட்டண விதிகளின் முழு உரை. ஏஜென்டிடம் கேட்டால் கணினியிலிருந்து எடுத்துத் தருவார். அது நீளமானது, எல்லாம் படிக்க வேண்டாம். பகுதிகளுக்கு எண் இருக்கும். 4-ஆம் பகுதி எந்த விமானங்கள் இந்த டிக்கெட்டுக்குச் செல்லுபடியாகும் என்பதைச் சொல்லும், 8-ஆம் பகுதி தங்கும் இடங்களை, 9-ஆம் பகுதி மாறும் இடங்களை, 16-ஆம் பகுதி மாற்றம், ரத்துக்கான கட்டணத்தை. கோட்ஷேர் பற்றிய வாசகம் 4-இல் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

2. எந்தக் கூட்டணி என்பதை முடிவு செய்யுங்கள்

இங்கிருந்து நடைமுறையில் இரண்டு: ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு. ஸ்டாரில் ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, யுனைடெட், ஏஎன்ஏ முதலியவை. ஒன்வேர்ல்டில் ஸ்ரீலங்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், கேத்தே பசிபிக், ஜப்பான் ஏர்லைன்ஸ், அமெரிக்கன், குவான்டாஸ், மலேசியா ஏர்லைன்ஸ் முதலியவை.

ஸ்டார் டிக்கெட்டின் விலை மைல் கணக்கில். உச்ச வரம்பு 39,000 மைல். ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரர் என்பதன் விலை கண்டங்களின் எண்ணிக்கையில், 3 முதல் 6 வரை. இரண்டிலும் அட்லாண்டிக்கை ஒரு முறை, பசிபிக்கை ஒரு முறை கடக்க வேண்டும். ஒரே திசையில் போக வேண்டும். தொடங்கிய நாட்டுக்கே திரும்ப வேண்டும். பயணம் குறைந்தது 10 நாள், அதிகபட்சம் ஒரு வருடம்.

16 என்ற எல்லை வரும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு மின்-டிக்கெட் எண்ணில் 4 கூப்பன்தான் (ஒரு வரிக்கு ஒரு கூப்பன்) அடங்கும். நான்கு எண்களைத் தொடராகக் கோத்தால் 16. நீங்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ போகும் இடைவெளியும் இதில் ஒன்றாக எண்ணப்படும். கோட்ஷேரோ சொந்த எண்ணோ, ஒரு விமான எண்ணுக்கு ஒரு கூப்பன்.

நம் கடற்கரைக்கு ஒரு வசதி உண்டு. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்கு ஸ்ரீலங்கன் பறக்கிறது. அது ஒன்வேர்ல்டு உறுப்பினர். அதனால் சென்னை வரை போகாமலேயே, கோட்ஷேர் தொந்தரவும் இல்லாமல், முதல் வரியைத் தொடங்கிவிடலாம்.

3. தடத்தை முதலில் வரையுங்கள், விமான எண்ணைப் பிறகு தேடுங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, தளத்தைத் திறந்ததும் விமான எண்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவது. பத்தாவது வரியில் விதி இடிக்கும். பிறகு ஒன்பதையும் கலைக்க வேண்டும்.

ஊர்களை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதிரி: மதுரை, கொழும்பு, லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், டோக்கியோ, ஹாங்காங், சென்னை. மொத்தம் ஏழு விமானங்கள், மூன்று கண்டங்கள். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் வந்துவிடலாம். மதுரையில் தொடங்கிச் சென்னையில் முடிப்பதற்கு விதி இடம் தருகிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஹாங்காங்கிலிருந்து வேறு வழியாக மதுரைக்குத் திரும்பும் தடத்தைப் போட வேண்டும்.

ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்குவீர்களா, குறைவா என்று குறியுங்கள். 24-ஐத் தாண்டினால் அது ஸ்டாப்ஓவர். தாண்டாவிட்டால் வெறும் மாற்றம். ஒன்வேர்ல்டில் தொடங்கும் கண்டத்துக்குள் இரண்டு ஸ்டாப்ஓவர்தான். நமக்கு அது ஆசியா. கொழும்பு, டோக்கியோ, ஹாங்காங் மூன்றிலும் தங்க நினைத்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். ஒரு கண்டத்துக்குள் 4 விமானம் வரைதான். வட அமெரிக்காவில் மட்டும் 6.

4. ஒவ்வொரு வரியிலும் ஓட்டுபவர் யார் என்று பாருங்கள்

இந்த வேலையின் உயிரே இந்தப் படிதான். அவசரப்பட வேண்டாம்.

விமான எண்ணின் முதல் இரண்டு எழுத்து விற்பவரைக் காட்டும். ஓட்டுபவரைச் சொல்லும் வரி அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நாலிலக்க எண், அதிலும் பெரிய எண்ணாக இருந்தால் பெரும்பாலும் கோட்ஷேர். ஆனால் இதை அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக அல்ல. நாலிலக்கத்தில் சொந்த விமானங்களும் ஓடுகின்றன.

ஓட்டுபவர் மூன்று வகையில் ஒருவராக இருப்பார்.

ஒன்று, அதே கூட்டணியின் உறுப்பினர். அமெரிக்கன் எண்ணில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஓட்டும் பசிபிக் விமானம் இப்படி. இது செல்லும்.

இரண்டு, உறுப்பினரின் பெயரையே பூசிக்கொண்டு ஓட்டும் ஒப்பந்த நிறுவனம். அமெரிக்காவுக்குள் "அமெரிக்கன் ஈகிள்" என்று எழுதிய சின்ன விமானத்தை ஓட்டுவது ரிபப்ளிக், ஸ்கைவெஸ்ட், என்வாய் போன்ற வேறு கம்பெனிகள். திரையில் புதுப் பெயரைப் பார்த்ததும் பதறி வரியை நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. தேவையில்லை, இதுவும் செல்லும்.

மூன்று, கூட்டணிக்கு வெளியே உள்ள நிறுவனம். இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். விதியில் தனியாக விலக்கு எழுதியிருந்தாலொழிய இது செல்லாது.

மூன்றாவது வகையில் நம்மவர்கள் கண்ணில் அடிக்கடி படும் உதாரணங்கள் இவை:

திருச்சி–சிங்கப்பூர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எண்ணில் ஸ்கூட் ஓட்டும் விமானம் வரலாம். ஸ்கூட் அதே குழுமத்தின் பிள்ளைதான். ஆனால் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் இல்லை. "ஒரே முதலாளிதானே" என்ற வாதம் விலை போடும் கணினியிடம் எடுபடாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தானே ஓட்டும் விமானத்தைப் பிடிப்பதுதான் வழி.

ஏர் இந்தியா எண்ணில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். இதுவும் அதே கதை. பெயரில் முக்கால்வாசி ஒன்றாக இருப்பதால் ஏஜென்டுகளே சில நேரம் கவனிப்பதில்லை.

மதுரை–சென்னை, மதுரை–பெங்களூரு போன்ற உள்நாட்டு வரிகளில் இண்டிகோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், அமெரிக்கன், குவான்டாஸ் என்று பல நிறுவனங்கள் இண்டிகோ விமானங்களில் தங்கள் எண்ணைப் போட்டு விற்கின்றன. இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை. இந்த வரியை உலக டிக்கெட்டுக்குள் திணிக்கப் பார்க்காமல் ரயிலிலோ தனி டிக்கெட்டிலோ போய்விடுவது நல்லது. தனி டிக்கெட் என்றால் முந்தின நாளே போய்ச் சேருங்கள். இண்டிகோ தாமதமானால் அடுத்த விமானத்துக்கு உலக டிக்கெட் பொறுப்பேற்காது.

குவான்டாஸ் எண்ணில் எமிரேட்ஸ். துபாய் வழியாகப் போக ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய கவர்ச்சி. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை.

அமெரிக்கன் அல்லது பிரிட்டிஷ் ஏர்வேஸ் எண்ணில் ஏர் லிங்கஸ், டப்ளின் வழி. ஏர் லிங்கஸ் 2007-இல் ஒன்வேர்ல்டை விட்டு விலகியது.

தென் அமெரிக்காவில் லாடாம். 2020 மே மாதம் ஒன்வேர்ல்டிலிருந்து வெளியேறியது. அதன் விமானத்தில் குவான்டாஸ் எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குவான்டாஸ் தானே ஓட்டும் சிட்னி–சான்டியாகோ, அங்கிருந்து ஐபீரியா ஓட்டும் சான்டியாகோ–மாட்ரிட் என்று கட்டலாம். அமெரிக்க விசா இல்லாதவருக்கும் இது ஒரு வழி. சிலி, ஷெங்கன் பக்கத்து விசா விதிகளை அப்போது பார்க்க வேண்டும்.

விலக்கும் உண்டு. குவான்டாஸ் எண்ணில் ஜெட்ஸ்டார் ஓட்டும் ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானங்கள் ஒன்வேர்ல்டு விதியில் அப்படி இடம் பெற்றவை. விலக்கு விற்பவரின் எண்ணுக்குத்தான். ஜெட்ஸ்டாரின் சொந்த எண்ணில் அதே விமானத்தைப் போட்டால் செல்லாது. ஒரே விமானம், ஒரே இருக்கை, எண் மட்டும் வேறு. விளைவு நேர் எதிர். விதி உரை திருத்தப்படக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்கும் நாளின் 4-ஆம் பகுதியில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பழைய பட்டியலை நம்பாதீர்கள். ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் 2024 செப்டம்பரில் ஸ்டாரிலிருந்து ஸ்கைடீம் என்ற இன்னொரு கூட்டணிக்குப் போனது. ஓமான் ஏர் 2025-இல் ஒன்வேர்ல்டுக்குள் வந்தது. போன தடவை போய்வந்த உறவினரின் தடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

5. இடம் இருக்கிறதா என்பதைச் சரியான எழுத்தில் பாருங்கள்

விமானத்தில் இருக்கை காலியாக இருப்பதும், உங்கள் டிக்கெட்டுக்கு இடம் இருப்பதும் வேறு வேறு. இருக்கைகளை எழுத்துகளாகப் பிரித்து விற்கிறார்கள். ஒன்வேர்ல்டு எக்ஸ்ப்ளோரரில் சாதாரண வகுப்புக்கு "எல்", பிசினஸுக்கு "டி", முதல் வகுப்புக்கு "ஏ". வேறு எழுத்தில் நூறு இடம் இருந்தும் "எல்" பூஜ்யம் என்றால் உங்களுக்கு அந்த விமானம் நிரம்பியது மாதிரிதான்.

கோட்ஷேர் உண்மையில் பயன்படுவது இங்கேதான். ஒரே விமானத்தில் ஓட்டுபவர் தன் எண்ணில் சில இடங்களைக் காட்டுவார். கூட்டாளி தன் எண்ணில் வேறு கணக்கைக் காட்டுவார். டோக்கியோ போகும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஜப்பான் எண்ணில் "எல்" பூஜ்யமாகவும், அமெரிக்கன் எண்ணில் "எல்" நான்காகவும் இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம். லண்டன்–நியூயார்க் போன்ற வரியில் ஒரே விமானத்துக்கு மூன்று, நான்கு எண்கள் இருக்கும். அத்தனையும் பார்த்த பிறகுதான் "இடம் இல்லை" என்ற முடிவுக்கு வர வேண்டும்.

பொதுத் தளங்களில் இந்த எழுத்து தெரியாது. ஏஜென்டின் அமேடியஸ், கலிலியோ, சேபர் போன்ற பதிவு மென்பொருள் திரையில் தெரியும். சந்தா கட்டிப் பார்க்கும் தளங்களும் உண்டு. திரையில் எழுத்துக்குப் பக்கத்தில் 9 என்று இருந்தால் ஒன்பதோ அதற்கு மேலோ. குடும்பமாக ஐந்து பேர் போகிறீர்கள், திரையில் 4 என்றால், ஐந்து பேரையும் ஒரே பதிவில் கேட்கும்போது ஒருவருக்கும் கிடைக்காது.

இன்னொரு நுணுக்கம், சோடி வரிகள். கொழும்பு–லண்டன்–நியூயார்க் என்று சேர்த்துத் தேடும்போது இடம் காட்டும். பிரித்துத் தேடினால் காட்டாது. சேர்த்து எடுத்த இடத்தைப் பின்னால் பிரிக்கவும் விடமாட்டார்கள். லண்டனில் நீங்கள் நாலு நாள் தங்குகிறவர் என்றால் ஆரம்பத்திலிருந்தே தனித்தனியாகத் தேடுங்கள்.

6. சொந்த எண்ணா, கோட்ஷேர் எண்ணா

இரண்டிலும் இடம் இருந்தால் ஓட்டுபவரின் சொந்த எண்ணையே எடுங்கள். இருக்கை தேர்வு, சாப்பாடு, தாமதமானால் மாற்று விமானம் என எல்லாவற்றையும் ஓட்டுபவரின் கணினியிலேயே முடிக்கலாம். கோட்ஷேர் எண்ணில் இருந்தால் "விற்றவரிடம் கேளுங்கள்" என்பார் இவர், "ஓட்டுபவரிடம் கேளுங்கள்" என்பார் அவர்.

கோட்ஷேர் எண்ணை எடுக்க நியாயமான காரணங்கள் நாலு. முதலாவது, மேலே சொன்ன இடப் பிரச்சினை. இரண்டாவது, விதி விலக்கு கோட்ஷேர் எண்ணுக்கு மட்டும் இருப்பது. மூன்றாவது, மைல் கணக்கு: பல திட்டங்களில் மைல் சேர்வது விற்பவரின் எண்ணையும் எழுத்தையும் பொறுத்தது. நாலாவது, எரிபொருள் கூடுதல் கட்டணம். உலக டிக்கெட்டின் அடிப்படை விலை எண் மாறினால் மாறாது. ஆனால் ஒய்க்யூ, ஒய்ஆர் என்று வரும் கூடுதல் கட்டணம் வரிக்கு வரி, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏஜென்டிடம் இரண்டு விதமாகவும் விலை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் சொந்த எண்ணிலேயே இருங்கள். அதற்காகப் பின்னால் அலைவது வீண்.

டிக்கெட்டை யார் பெயரில் அடிப்பது என்பதும் இதோடு ஒட்டியது. பெரும்பாலும் தடத்தில் வரும் நிறுவனம் ஒன்றின் பெயரில்தான் அடிக்க முடியும். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அதைக் காட்டும்: 603 ஸ்ரீலங்கன், 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 001 அமெரிக்கன், 098 ஏர் இந்தியா, 618 சிங்கப்பூர். வழியில் மாற்றம் கேட்டுப் போன் செய்ய வேண்டியது இவரிடம்தான். ஆதலால் எளிதாகப் பேசக்கூடிய நிறுவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஏஜென்டிடம் கொடுக்கும் தாள்

வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். "லண்டன் போய் அமெரிக்கா போய் வரணும்" என்றால் அவர் கணினி முதலில் காட்டியதைப் போடுவார். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்:

"காக்கா, மூன்றாவது வரி லண்டன்–நியூயார்க், மார்ச் 14. ஓட்டுவது பிரிட்டிஷ் ஏர்வேஸோ அமெரிக்கனோ மட்டும். எல் வகுப்பு. முதலில் ஓட்டுபவர் எண், இல்லாவிட்டால் மற்றவர் எண். ஏர் லிங்கஸ் வேண்டாம்."

ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஊர், தேதி, ஓட்டுபவர், எழுத்து, எண் விருப்பம் என ஐந்து விவரம்.

பிடிக்கும் வரிசை பயண வரிசையாக இருக்க வேண்டியதில்லை. கடினமான வரிகளை முதலில் பிடியுங்கள்: பசிபிக், அட்லாண்டிக், தினம் ஒரு விமானமே உள்ள தடங்கள். நியூயார்க்–லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி நாளுக்குப் பல விமானம் ஓடும் வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ 11 மாதத்துக்கு மேற்பட்ட தேதிகள் கணினியில் திறந்திருக்காது. கோட்ஷேர் எண்கள் சொந்த எண்ணை விடத் தாமதமாகவே ஏறுவது வழக்கம். நீண்ட பயணத்தின் கடைசி வரிகளுக்குக் கிடைக்கும் தேதியை இப்போதைக்குப் போட்டு, திறந்த பிறகு மாற்றுவதுதான் நடைமுறை. அதற்கான கட்டணத்தை 16-ஆம் பகுதியில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

8. பணம் கட்டும் முன் ஒரு மணி நேரம்

பதிவின் நகலை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் "எச்கே" என்று இருக்க வேண்டும். உறுதியானது என்று பொருள். "யூசி" என்றால் மறுத்துவிட்டார்கள். "யூஎன்" என்றால் அந்த விமானமே இப்போது இல்லை. "டிகே" என்றால் நேரம் மாறியிருக்கிறது. கோட்ஷேரில் விற்பவர் பக்கம் உறுதியாகக் காட்டிய பிறகும் ஓட்டுபவர் பக்கத்திலிருந்து மறுப்பு வரக்கூடும். முடிந்தால் ஒரு நாள் பொறுத்து மறுபடி பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டிக்கெட் அடிக்கும் கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

விலையைக் கணினி தானாகப் போட்டதா, ஏஜென்ட் கையால் கட்டினாரா என்று கேளுங்கள். கையால் கட்டியது தவறு என்று சொல்லவில்லை. உலக டிக்கெட்டில் அது சகஜம். ஆனால் செல்லாத கோட்ஷேர் வரி அதில் நுழைந்துவிட்டால் பின்னால் விமான நிறுவனம் ஏஜென்டுக்கு அபராதம் போடும். அவர் உங்களிடம் வருவார், அதுவும் நீங்கள் பாதி வழியில் இருக்கும்போது.

டோக்கியோவில் எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள், எதில் ஏறுகிறீர்கள் என்றும் பாருங்கள். ஹனேதாவும் நரிதாவும் வேறு வேறு இடம். கோட்ஷேர் எண்ணை மாற்றும்போது இது சத்தமில்லாமல் மாறும்.

9. டிக்கெட் வந்த அன்றே

ஏஜென்ட் தரும் ஆறெழுத்துப் பி.என்.ஆர். அவர் கணினியுடையது. ஓட்டும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிப் பி.என்.ஆர். இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் அதைப் போட்டுத் திறந்து, பெயரும் தேதியும் டிக்கெட் எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள்.

பதிவு தெரிகிறது, டிக்கெட் எண் தெரியவில்லை என்றால் அலட்சியம் வேண்டாம். விற்பவரிடமிருந்து ஓட்டுபவருக்கு எண் போய்ச் சேரவில்லை. சில நாளில் ஓட்டுபவரின் கணினி "டிக்கெட் இல்லாத பதிவு" என்று தானாகவே ரத்து செய்துவிடும். ஏஜென்டிடம் "டிகேஎன்ஈ செய்தியை மறுபடி அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

ஹலால் சாப்பாடு, சைவச் சாப்பாடு, சக்கர நாற்காலி எல்லாம் ஓட்டுபவரிடம் உறுதியாகியிருக்க வேண்டும். விற்பவரின் தளத்தில் டிக் அடித்ததோடு நிற்காதீர்கள்.

10. நேரம் மாறினால், விமானம் போனால்

ஆறு மாதத்துக்கு முன் எடுத்த டிக்கெட்டில் ஒன்றிரண்டு வரியாவது நேரம் மாறும். சொந்த எண்ணில் அது பெரும்பாலும் எளிதாகச் சரியாகும். கோட்ஷேரில் பதிவு புது நேரத்துக்கு மாறியிருக்கும், டிக்கெட் கூப்பன் பழைய எண்ணிலேயே நிற்கும். செக்-இன் மேசையில் இரண்டும் பொருந்தவில்லை என்பார்கள். மாற்ற அறிவிப்பு வந்தால் ஒப்புக்கொள்வதோடு விடாமல், டிக்கெட்டையும் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு வரி புதுப்பிக்கப்பட்டால் டிக்கெட் எண்ணே மாறலாம். நான்கு எண்களையும் மறுபடி சரிபாருங்கள்.

இரு நிறுவனங்களின் கோட்ஷேர் ஒப்பந்தம் முடிந்தால் விமானம் ஓடும், உங்கள் எண் மட்டும் மறைந்துவிடும். அப்போது "அதே விமானத்தில் ஓட்டுபவர் எண்ணில் மாற்றுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் அடுத்த நாள் விமானத்தில் போட்டுவிட வாய்ப்புண்டு.

எந்த வரியையும் பறக்காமல் விடாதீர்கள். கூப்பன்கள் வரிசையாகத்தான் செல்லும். ஒன்றை விட்டால் மீதி எல்லாம் ரத்தாகும். ரயிலில் போக மனம் மாறினால் முன்கூட்டியே சொல்லி அந்த வரியை எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

11. விமான நிலையத்தில்

டெர்மினல் ஓட்டுபவருடையது. ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும்பாலும் 5-ஆவது டெர்மினல், அமெரிக்கன் 3-ஆவது. பிரிட்டிஷ் எண்ணில் அமெரிக்கன் ஓட்டினால் போக வேண்டியது 3. பெட்டியோடு 5-இல் போய் நின்றால் அங்கிருந்து மாறுவதற்கே அரை மணி போகும்.

பெட்டி எடை எல்லா வரிக்கும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மின்-டிக்கெட்டில் வரிக்கு வரி அச்சாகியிருப்பதே கணக்கு. அந்தத் தாளைக் கையில் வையுங்கள். மேசையில் இருப்பவர் தன் நிறுவன விதியைச் சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள். கருவாடும் ஊறுகாயும் கட்டுகிறவர்கள் சுங்க விதியையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உணவுப் பொருள் இருப்பதை அறிவிக்காமல் போனால் அபராதம்.

பெட்டி வராவிட்டால் கடைசியாக ஓட்டிய நிறுவனத்தின் மேசையில், நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார்த் தாள் எழுதி நகல் வாங்குங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் தாமதமாகி இழப்பீடு கேட்பதானாலும் ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும், எண்ணை விற்றவரிடம் அல்ல. போர்டிங் பாஸ் துண்டுகளை ஊர் வந்து சேர்ந்து மைல் கணக்கில் ஏறும் வரை தூக்கிப் போடாதீர்கள். ஏறாத மைலைக் கேட்க அதுதான் சான்று.